சாவரின் ஹில்: வண்டியில் ஏறுங்கள், பட்டறையில் நில்லுங்கள், மருந்துப் புட்டியை மட்டும் நம்பாதீர்கள்

ஆஸ்திரேலியாவின் மெல்போர்னிலிருந்து மேற்கே சுமார் 110 கி.மீ. போனால் பல்லாரட். 1851ல் அங்கே தங்கம் கிடைத்ததும் ஆடு மேய்ந்த பள்ளத்தாக்கு முழுக்கக் கூடாரம் முளைத்தது. பத்தாண்டுக்குள் வங்கி, நாடகக் கொட்டகை, அச்சகம் எல்லாம் வந்து ஊராகிவிட்டது. அந்தப் பத்தாண்டைத் தெருவும் கடையுமாகத் திரும்பக் கட்டி வைத்திருக்கும் திறந்தவெளி அருங்காட்சியகம் சாவரின் ஹில். 1970 நவம்பரில் திறந்தார்கள். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் மெல்போர்ன் தமிழர்கள் காரில் ஏற்றிக்கொண்டு போகும் வழக்கமான இடங்களில் இதுவும் ஒன்று.

போகிறவர்களில் பலர் ஓடையில் தங்கம் அரித்துவிட்டு, சிவப்புச் சட்டைச் சிப்பாய்கள் துப்பாக்கி வெடிப்பதைப் படம் பிடித்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அது நுழைவுச்சீட்டுக் காசில் பாதியை வீணடிப்பது. இந்த இடத்தின் சரக்கே வேறு. சக்கரப் பட்டறை, மிட்டாய்க் கூடம், தங்கம் உருக்கும் உலை ஆகியவற்றில் நடப்பது நடிப்பல்ல, தொழில். மருந்துக்கடையில் தொழில் நடக்க வழியில்லை, அலமாரிதான் இருக்கும். அந்த அலமாரியைப் படிக்கத் தெரிந்துகொண்டு போனால்தான் அங்கே நிற்பதற்குப் பலன்.

முதலில் கோச்சு வண்டி. சவாரிக்குத் தனிக் கட்டணம் உண்டா, அன்று வண்டி ஓடுகிறதா என்பதை நுழைவாயிலிலேயே கேட்டுவிடுங்கள். குதிரைகளின் நிலையையும் வானிலையையும் பொறுத்து மாறக்கூடிய விஷயம் அது. ஊரைச் சுற்றி வரும் சின்னச் சவாரிதான், நீண்ட பயணத்தை எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் ஏறும் முன் ஒரு வேலை செய்யுங்கள்: குனிந்து வண்டியின் அடிவயிற்றைப் பாருங்கள். பெட்டி எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது? எஃகு வில்லின் மேலா, தோல் பட்டையின் மேலா? அந்தக் காலத்துப் பயணத்தின் கதை பாதி அங்கேதான் இருக்கிறது.

தங்க வயல்களுக்கு முதலில் ஓடிய இங்கிலாந்து பாணி வண்டிகளுக்கு எஃகு வில்தான். கப்பி போட்ட சாலைக்கு அது சரி. பல்லாரட் இருக்கும் விக்டோரியா மாநிலத்தின் காட்டுப்பாதையில் மரவேரும் குழியும் மாறி மாறி வர, வில் ஒடிந்துவிடும். ஒடிந்த வில்லை வழியில் சேர்க்க முடியாது, கொல்லனின் உலை வேண்டும். 1854 ஜனவரி 30ல் ஃப்ரீமன் காப் உள்ளிட்ட நான்கு அமெரிக்கர்கள் மெல்போர்னிலிருந்து தங்க வயல்களுக்கு ‘காப் அண்ட் கோ’ வண்டியை ஓட்டத் தொடங்கினார்கள். அவர்கள் நம்பியது அமெரிக்காவின் கான்கார்ட் வகை வண்டியை. அதில் பெட்டிக்கு அடியில் எஃகு வில் கிடையாது. மாட்டுத்தோலைப் பல அடுக்காகச் சேர்த்துத் தைத்த இரண்டு நீளப் பட்டைகள், வண்டிச் சட்டத்தின் முன்னிருந்து பின்வரை தொங்கும். பெட்டி அதன்மேல் தூளிபோலக் கிடக்கும். சக்கரம் குழியில் இறங்கினால் அடி நேராக முதுகில் ஏறாது, பெட்டி முன்னும் பின்னும் ஆடி அந்த வேகத்தை விழுங்கிவிடும். அதில் இன்னொரு லாபமும் உண்டு. குழியிலிருந்து குதிரைகள் இழுக்கும்போது பெட்டி முன்னால் ஆடி, அந்த உந்துதலும் இழுப்போடு சேர்ந்துகொள்ளும். தோல் பட்டை அறுந்தாலும் வாரையும் கயிற்றையும் வைத்துக் கட்டி அடுத்த நிறுத்தம்வரை ஓட்டிவிடலாம்.

இதற்குக் கொடுத்த விலை குமட்டல். முன்னும் பின்னும் ஆடும் ஆட்டம் கடல் அலையைப் போன்றதுதான். வண்டியின் உள்ளே மூன்று வரிசை, வரிசைக்கு மூன்று பேர். முன்வரிசைக்காரர்கள் பின்னோக்கி உட்கார வேண்டும், முதலில் வாந்தி எடுப்பது அவர்கள்தான். நடுவரிசை பலகைக்கு முதுகுச்சாய்வு கிடையாது, குறுக்கே ஒரு தோல் வார் மட்டும். இன்றைக்கு அங்கே சவாரி செய்கிறவர்களுக்கும் இதே அறிவுரைதான்: பயணத்தில் தலைசுற்றும் ஆளாக இருந்தால் குதிரைகளைப் பார்த்த மாதிரி உட்காருங்கள், வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள்.

ஓட்டுநரின் விரல்களையும் கவனியுங்கள். நான்கு குதிரை பூட்டினால் கைக்கு வருவது நான்கு வார். ஒவ்வொரு பக்கத்துக்கும் முன்குதிரைக்கு ஒன்று, பின்குதிரைக்கு ஒன்று என்று விரலிடுக்கில் பிரித்துப் பிடித்திருப்பார். திருப்பத்தில் முன்சோடி முதலில் திரும்பும், பின்சோடி சில அடி தள்ளித்தான் திரும்ப வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் இழுத்தால் பின்சக்கரம் மூலைக்கல்லில் ஏறிவிடும். இறக்கத்தில் வண்டியைத் தாங்கிப் பிடிப்பது பின்சோடி. முன்சோடி அங்கே இழுக்கவும் கூடாது, தொய்ந்துபோகவும் கூடாது. தொய்ந்தால் இழுவை வார் காலில் சிக்கும்.

அந்தக் காலத்தில் 10 முதல் 15 மைலுக்கு ஒரு நிறுத்தம் வைத்துக் குதிரைகளை மாற்றினார்கள். வேகத்தின் ரகசியம் வண்டியில் இல்லை, இந்த மாற்றுக் குதிரைகளில்தான் இருந்தது. கம்பெனிக்குப் பெரிய செலவும் அதுதான்: லாயம், தீவனம், ஆள். 1862ல் ஜீலாங் வழியாக பல்லாரட்டுக்கு ரயில் வந்ததும் இந்த வழியில் கோச்சின் மவுசு போயிற்று. வண்டிகள் ரயில் இல்லாத உள்நாட்டுக்கு நகர்ந்தன. காப் அண்ட் கோவின் கடைசிக் குதிரை வண்டி 1924ல் குவீன்ஸ்லாந்தில் ஓடியது.

சக்கரப் பட்டறைக்கு வருவோம். முழு வளாகத்திலும் ஒரே ஓரிடத்தில்தான் நிற்க நேரம் இருக்கிறது என்றால் இங்கே நில்லுங்கள். நீராவி இயந்திரம் சுழல, அதிலிருந்து வார்ப்பட்டை வழியாக 19ஆம் நூற்றாண்டு இயந்திரங்கள் ஓடுகின்றன. மாட்டுவண்டி ஓடிய ஊரிலிருந்து வருகிற பெரியவர்களுக்கு விளக்கமே தேவைப்படாது: நடுவே குடம், குடத்தில் அடித்த ஆரக்கால், ஆரக்கால் தாங்கும் வட்டை, வட்டைக்கு மேல் இரும்புப் பட்டா, அச்சின் நுனியில் கடையாணி. நம் ஊர் ஆசாரி உளியும் வாச்சியும் கொண்டு செய்ததை இங்கே இயந்திரம் செய்கிறது, கணக்கு ஒன்றேதான்.

ஒரே சக்கரத்துக்கு ஏன் பல மரம் என்பதைக் கேட்டுப் பாருங்கள். ஆங்கில மரபில் குடம் எல்ம், ஆரக்கால் ஓக், வட்டை ஆஷ். எல்ம் மரத்தின் நார் பின்னிக் கிடப்பதால் பன்னிரண்டு துளை போட்டாலும் குடம் பிளக்காது. ஓக் அமுக்கத்தைத் தாங்கும். அதையும் ரம்பத்தால் அறுக்காமல் நார் ஓடும் வழியே பிளந்தெடுப்பார்கள், அறுத்தால் நார் குறுக்கே வெட்டுப்பட்டு அங்கேயே ஒடியும். ஆஷ் வளைந்து கொடுக்கும். நம் பக்கத்தில் கருவேலம் ஒன்றே பல இடத்தில் இந்த வேலைகளைப் பார்த்துக்கொண்டது. ஆஸ்திரேலியாவில் உள்ளூர் யூகலிப்டஸ் வகைகளும் அமெரிக்காவிலிருந்து இறக்கிய ஹிக்கரியும் சக்கரமாயின.

ஆரக்கால் கடையும் இயந்திரம் பார்க்க வேண்டியது. ஒரு மாதிரி ஆரக்காலை ஒருபுறம் மாட்டுவார்கள், அதைத் தொட்டுக்கொண்டே ஓடும் சக்கரம் ஒன்று, அதன் ஏற்ற இறக்கத்தை அப்படியே மறுபுறம் உள்ள வெட்டுக்கத்திக்குக் கொண்டுபோகும். வட்டமாக மட்டுமல்ல, நீள்வட்டமாகவும் கடையலாம். 1819ல் தாமஸ் பிளான்சார்ட் என்ற அமெரிக்கர் துப்பாக்கிக் கட்டைக்காகக் காப்புரிமை வாங்கிய யோசனை இது. வட்டையை வளைப்பதற்கு நீராவிப் பெட்டி. தடிமனில் ஓர் அங்குலத்துக்கு ஒரு மணி நேரம் என்பது பொதுக் கணக்கு. பச்சை ஈரம் முழுக்கப் போன மரத்தை வளைத்தால் வெளிவிளிம்பில் நார் தூக்கிக்கொண்டு கிழியும். வளைத்த பிறகு வடிவக்கட்டையோடு கட்டியே ஆறவிட வேண்டும். சூட்டோடு அவிழ்த்தால் பாதி நிமிர்ந்துவிடும். வளைக்காமல் துண்டு வட்டையாகச் செய்தால் ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு ஆரக்கால். அதனால் ஆரக்கால் 12 என்றால் வட்டை 6, 14 என்றால் 7.

சக்கரத்தைப் பக்கவாட்டில் பார்த்தால் தட்டையாக இருக்காது, ஆழமில்லாத தட்டுபோலக் குழிந்திருக்கும். அழகுக்கு அல்ல. குதிரை நடக்கும்போது வண்டி இடமும் வலமும் ஆடும், ஒவ்வோர் ஆட்டத்திலும் குடம் பக்கவாட்டில் அடிபடும். ஆரக்கால் சாய்ந்திருந்தால் அந்த அடியை முட்டுக்கொடுத்துத் தாங்கும். கூடவே அச்சின் நுனியைச் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்த்திருப்பார்கள். அதனால் தரையைத் தொடும் நேரத்தில் கீழ் ஆரக்கால் மட்டும் செங்குத்தாக நின்று பாரம் தாங்கும்.

பட்டா போடுவது எல்லா நாளும் நடக்கும் என்று சொல்ல முடியாது. நடந்தால் விடாதீர்கள். உருளும் சின்ன அளவுச்சக்கரம் ஒன்றை வட்டையின் மேல் ஓட்டிச் சுற்றளவை எடுப்பார்கள், பிறகு பட்டாவின் உட்புறம் ஓட்டுவார்கள். பட்டாவின் உட்சுற்று, சக்கரத்தின் வெளிச்சுற்றைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். எவ்வளவு என்பது சக்கரத்தின் கனத்தைப் பொறுத்தது. 1.2 மீட்டர் விட்டச் சக்கரத்துக்குச் சுற்றளவு 3.77 மீட்டர். இரும்பை 550 டிகிரி சூடேற்றினால் அந்த நீளம் சுமார் 25 மி.மீ. கூடும். அந்த 25 மி.மீ.க்குள்தான் ஆட்டம் முழுக்க. பழுத்த பட்டாவை இடுக்கியால் தூக்கி வந்து மாட்டி, சம்மட்டியால் தட்டி இறக்கி, மரம் பற்றி எரியும் முன் தண்ணீர் ஊற்றுவார்கள். சுருங்கும் இரும்பு வட்டை, ஆரக்கால், குடம் மூன்றையும் ஒரே பிடியாக நெரித்துவிடும். மூட்டுகள் கிரீச்சிடுவது தெளிவாகக் கேட்கும்.

இங்கே கெட்டுப்போவது இரண்டு விதம். வட்டைத் துண்டுகளுக்கு இடையே மெல்லிய இடைவெளி விட்டிருக்க வேண்டும். விடாவிட்டால் பட்டா நெரிக்கும்போது வட்டைகள் ஒன்றோடொன்று முட்டி நின்றுவிடும், நெரிப்பு ஆரக்காலுக்குப் போகாது. வெளியே கெட்டியாகத் தெரியும், உள்ளே ஆரக்கால் ஆடும். மற்றொன்று, பட்டா அளவுக்கு மீறிச் சிறிதாகிவிடுவது. அப்போது சக்கரம் குடை கவிழ்ந்த மாதிரி குழிந்து போகும். இரண்டுக்கும் மருந்து பட்டாவைக் கழற்றித் திரும்பச் செய்வதுதான். கோடைக் காய்ச்சலில் மரம் சுருங்கிப் பட்டா தளர்ந்தால் வண்டிக்காரன் சக்கரத்தை ஓடையில் இறக்கி ஊறவைப்பான். ஊற வைத்த சக்கரம் அன்றைக்கு ஓடும், மறுபடி காய்ந்ததும் முன்னைவிட மோசமாகத் தளரும். விக்டோரியாவின் கோடைக்கும் நம் சித்திரை வெயிலுக்கும் இதில் வித்தியாசமே இல்லை.

தங்கம் உருக்கிக் காட்டுவது கூட்டம் சேர்க்கும் நிகழ்ச்சி. 3 கிலோ தங்கத்தை உலையில் உருக்கி அச்சில் ஊற்றிக் கட்டியாக்குகிறார்கள். தங்கம் உருகுவது 1064 டிகிரியில். ஊற்றும்போது பார்க்க வேண்டியது நிறத்தை அல்ல, ஓட்டத்தை. தண்ணீரைவிடச் சுமார் 17 மடங்கு கனமான திரவம் எப்படி விழுகிறது என்பது வேறெங்கும் எளிதில் காணக் கிடைக்காது. முன்வரிசை குழந்தைகளுக்கு விடுங்கள், பின்னால் நின்றாலும் தெரியும்.

ஓடையில் அரிப்பதற்கு ஒரே ஒரு குறிப்பு: தட்டில் அள்ளிய களிமண் கட்டிகளை முதலில் கையால் கரைத்து முடியுங்கள். தட்டைச் சாய்த்து அலசுவது அதற்குப் பிறகு. கரையாத கட்டி உருண்டு வெளியேறும்போது ஒட்டிய துகளையும் எடுத்துக்கொண்டு போய்விடும். கையில் சன்ஸ்கிரீன் எண்ணெய் இருந்தால் கழுவிவிட்டு இறங்குங்கள். எண்ணெய் பட்ட மெல்லிய தங்கத் துகள் தண்ணீரில் மிதந்து போய்விடும்.

மிட்டாய்க் கூடத்தில் ராஸ்பெரி மிட்டாய் செய்வதைப் பார்க்கலாம். சர்க்கரை, தண்ணீர், கொஞ்சம் குளுக்கோஸ் பாகு. கடலைமிட்டாய்க்குப் பாகு வைப்பவர்களுக்குத் தெரிந்த பதம்தான்: தண்ணீரில் விட்ட சொட்டு, எடுத்துத் தட்டினால் ‘டங்’கென்று கேட்க வேண்டும். வெப்பமானி வைத்தால் 150 டிகிரிக்குக் கொஞ்சம் முன்பின். 140லேயே இறக்கினால் பல்லில் ஒட்டும். 160ஐத் தாண்டினால் கருகல் வாடை ராஸ்பெரியை அமுக்கிவிடும். கொதிக்கும்போது கரண்டி போட்டுக் கிண்டினால் பாகு மணல்மணலாகப் பூத்துவிடும், குளுக்கோஸ் சேர்ப்பதே அதைத் தடுக்கத்தான். குளிர்ந்த மேடையில் ஊற்றிய பிறகுதான் நிறம், மணம், புளிப்பு மூன்றும் சேரும். புளிப்பை அடுப்பிலேயே போட்டால் சர்க்கரை உடைந்து, மிட்டாய் ஈரத்தை இழுத்து டப்பாவிலேயே ஒட்டிக்கொள்ளும். பிறகு மடித்து மடித்துப் பிசைந்து, குழி வெட்டிய பித்தளை உருளைகளுக்கு நடுவே விடுகிறார்கள். மிட்டாய்கள் மெல்லிய ஏடு ஒட்டிய ஒரே தகடாக வரும். ஆறியதும் மேடையில் போட்டால் தனித்தனியாக உதிரும். சுடச்சுட ஒன்று தருவது வழக்கம். வாங்கினால் கண்ணாடி ஜாடியில் இறுக்கி மூடி வையுங்கள். சென்னைக்குக் கொண்டுபோனால் காகிதப் பையில் ஒரு வாரம்கூடத் தாங்காது.

மெழுகுவர்த்திக் கூடம் குழந்தைகளுக்குப் பிடிக்கும். திரியை முக்கி எடுத்து ஆறவிட்டு மறுபடி முக்குவதுதான் வேலை. அவசரப்பட்டு வர்த்தியை மெழுகில் வைத்தே நின்றால் முந்திய அடுக்கும் கரைந்துவிடும். சைவக்காரர்கள் மதியத்துக்கு எதையாவது கட்டிக்கொண்டு போவது நல்லது. பேக்கரிகளின் பெருமை இறைச்சி வைத்துச் சுட்ட ‘பை’ (pie) பண்டம்.

இனி மருந்துக்கடை. மெயின் தெருவில் நின்று அந்தக் காலத்து மருந்துக்கடை ஒன்றைப் பார்க்கும்போது நினைவில் வைக்க வேண்டியது: அன்று பல்லாரட்டில் சாகடித்தது சுரங்கச் சரிவு மட்டுமல்ல, சீதபேதியும்தான். ஓடையில்தான் தங்கம் அலசினார்கள், அதே ஓடைக்குத்தான் கழிவும் போனது, குடிநீரும் அதுவே. மருத்துவர் தூரம், கட்டணம் அதிகம். ஆகவே புட்டி மருந்து.

‘பேடன்ட் மருந்து’ என்று அழைத்தாலும் பெரும்பாலானவற்றுக்குக் காப்புரிமை கிடையாது. காப்புரிமை கேட்டால் உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதித்தர வேண்டும், சில ஆண்டுகளில் யார் வேண்டுமானாலும் செய்யலாம். அதைவிடப் பெயரையும் புட்டியின் வடிவத்தையும் காப்பாற்றிக்கொண்டு சரக்கை ரகசியமாக வைப்பதே லாபம். பழைய விலைச்சீட்டுகளில் 1 ஷில்லிங் 1½ பென்னி என்ற விசித்திர விலை அடிக்கடி வரும். மருந்துக்கு 1 ஷில்லிங், மேலே 1½ பென்னி பிரிட்டிஷ் அரசின் முத்திரை வரி. அந்த வரி முத்திரையை அரசே சான்று கொடுத்த மாதிரி சனங்கள் எடுத்துக்கொண்டார்கள். தயாரிப்பாளர்களும் அதைத் திருத்தப் போகவில்லை.

பீச்சம்ஸ் மாத்திரையின் விளம்பரம், ஒரு பெட்டி ஒரு கினி (21 ஷில்லிங்) பெறும் என்றது. 1909ல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் ரகசிய மருந்துகளைப் பகுத்துப் பார்த்து வெளியிட்டபோது அதில் இருந்தது கற்றாழைப் பால் பிசின், சுக்கு, சோப்பு. பெட்டியின் சரக்குச் செலவு அரை ஃபார்திங், அதாவது ஒரு பென்னியில் எட்டில் ஒரு பங்கு. மோசடி என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடவும் முடியாது. கற்றாழைப் பிசின் நல்ல பேதி மருந்து, மலச்சிக்கலுக்குக் கேட்கும். கல்லீரல், தலைவலி, மனச்சோர்வு என்று பட்டியல் போட்டதுதான் பித்தலாட்டம். ஹாலோவே மாத்திரைகளும் இதே குடும்பம். தாமஸ் ஹாலோவே 1837ல் களிம்போடு தொடங்கி, விளம்பரத்தாலேயே பெருஞ்செல்வம் சேர்த்தார். லண்டன் அருகே 1886ல் திறந்த பெண்கள் கல்லூரி அந்தப் பணத்தில் கட்டியது.

குளோரோடைன் வேறு ரகம். இது நம் பக்கத்துச் சரக்கு: ஜான் காலிஸ் பிரவுன் என்ற ராணுவ மருத்துவர் இந்தியாவில் காலராவுக்காக 1848வாக்கில் சேர்த்தது. குளோரோஃபார்ம், அபினிச் சத்தான மார்ஃபின், கஞ்சா ஆகியவை முக்கியச் சரக்கு. சீதபேதிக்கு இது உண்மையிலேயே ‘கேட்டது’. மார்ஃபின் குடலின் அசைவை நிறுத்தும், வலியையும் அடக்கும். ஆனால் நோயை விரட்டாது, இழந்த உப்பையும் நீரையும் திருப்பித் தராது. பேதி நின்றதைக் குணமென்று எண்ணி, நீர்வற்றிச் சாகலாம். குணமானவர்களில் சிலர் புட்டியை விட முடியாமல் அடிமையானார்கள்.

குழந்தை மருந்துகள்தான் மிக மோசம். காட்ஃப்ரே கார்டியல் என்பது வெல்லப்பாகில் அபின். விஞ்ச்லோ அம்மாளின் பல்முளைப்புச் சிரப்பில் ஓர் அவுன்சுக்கு 65 மி.கி. மார்ஃபின். அழுகை நிற்கும், பால் குடிப்பதும் நிற்கும். மூச்சு மட்டுப்பட்டு அப்படியே போன குழந்தைகள் எத்தனையோ. பல்முளைப்புத் தூள்களில் பாதரச உப்பான கலோமெல். குழந்தைகளின் கை, கால் சிவந்து தோல் உரியும் நோய்க்கு இந்தப் பாதரசமே காரணம் என்று புரிய 1940கள் ஆயின. ஆஸ்திரேலியாவில் ஆக்டேவியஸ் பீல் என்ற பியானோ உற்பத்தியாளர் அரசு ஆணையராக விசாரித்து 1907ல் இந்த ரகசிய மருந்துகளைப் பற்றித் தடித்த அறிக்கை ஒன்றைக் கொடுத்தார். மருத்துவர் அல்லாத ஒருவர் அவ்வளவு விரிவாகத் தோண்டியது ஆச்சரியம்தான்.

அந்த அலமாரியிலிருந்து இன்றுவரை தாக்குப்பிடித்து நிற்பது யூகலிப்டஸ் தைலம். ஜோசப் பொசிஸ்டோ என்ற மருந்தாளர் தங்கம் தேடி விக்டோரியாவுக்கு வந்தவர். 1850களில் மெல்போர்ன் அருகே டான்டினாங் ஓடைக்கரையில் இலையை வடிக்கத் தொடங்கினார். பொசிஸ்டோ தைலம், கிளிப்படம் போட்டு, இன்றும் ஆஸ்திரேலிய மளிகைக் கடைகளில் கிடைக்கிறது. 1843வாக்கிலேயே ஊட்டிக்கு வந்து சேர்ந்த அந்த மரத்திலிருந்துதான் நம் நீலகிரித் தைலமும். ஆகவே ஊருக்கு வாங்கிப் போகலாமா என்ற கேள்வி அடிக்கடி வருகிறது.

வாங்கலாம், தைலத்தின் முக்கியச் சரக்கான சினியோல் எத்தனை சதவீதம் என்று லேபிளில் பார்த்து. மருந்துத் தரத்துக்குக் குறைந்தது 70 வேண்டும். உள்நாட்டு விக்டோரியாவில் விளையும் ப்ளூ மாலி (blue mallee) என்னும் குட்டை யூகலிப்டஸ் 80க்கு மேல் தரும். நீலகிரியில் வடிப்பது ப்ளூ கம் (blue gum) என்னும் நெடிய யூகலிப்டஸ், அது பெரும்பாலும் 60க்கும் 75க்கும் நடுவில். ஜலதோஷத்துக்கு ஆவி பிடிக்க இரண்டும் ஒன்றுதான், விலை வித்தியாசத்துக்கு ஏற்ற வித்தியாசம் மூக்குக்குத் தெரியாது. கறை எடுக்கவும் ஒட்டுப்பசை கழற்றவும் அதிக சினியோல் நல்லது. கலப்படம் பார்க்க வெள்ளைத்தாளில் ஒரு சொட்டு விட்டு விடுங்கள். சுத்தமானது தடமில்லாமல் பறந்துவிடும், சமையல் எண்ணெய் கலந்தது பிசுக்கு வட்டம் போடும். ஊட்டிச் சாலையோரத்தில் பிளாஸ்டிக் புட்டியில் விற்பதைத் தவிர்க்கவும், தைலம் சில பிளாஸ்டிக்கை இளக்கும். கருகல் வாடை அடித்தால் வடித்தவர் அண்டாவின் அடியில் நீர் வற்றவிட்டிருக்கிறார் என்று பொருள். 100 கிலோ இலைக்கு ஒன்றிரண்டு லிட்டர்தான் தேறும் சரக்கு இது. மிக மலிவாகக் கிடைத்தால் அது தைலமாக இருக்க வாய்ப்பில்லை.

குடிக்கக் கூடாது. ‘ஒரு ஸ்பூன் சர்க்கரையில் இரண்டு சொட்டு’ என்கிற பாட்டி வைத்தியமும் வேண்டாம். 5 மி.லி. உள்ளே போனாலே குழந்தைக்கு வலிப்பும் மயக்கமும் வரலாம். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் மூக்கருகே தடவக் கூடாது. தோலில் போட்டால் தேங்காய் எண்ணெயில் கலந்தே போட வேண்டும்.

பல்லாரட் நகரத்துப் பழம்பொருள் கடைகளில் பழைய மருந்துப் புட்டிகள் கிடைக்கும். வாங்குவதானால் அச்சுத் தையல் கோட்டைக் கண்ணால் தொடருங்கள். கோடு கழுத்தோடு நின்றுவிட்டால் வாயைக் கையால் ஒட்டியது, 19ஆம் நூற்றாண்டுச் சரக்காக இருக்கலாம். வாய் விளிம்புவரை ஏறினால் இயந்திரம் ஊதியது, 20ஆம் நூற்றாண்டு. அடியில் சொரசொரப்பான வட்டத் தழும்பு இருந்தால் இன்னும் பழையது, விலையும் ஏறும். கருநீலம் அல்லது பச்சை, ஆறு பட்டை, மேலே வரி வரியாக மேடு இருந்தால் அது விஷப் புட்டி. விளக்கில்லாத இரவில் தடவினாலே தெரியட்டும் என்று அப்படிச் செய்தார்கள், ‘உட்கொள்ளக் கூடாது’ என்ற பொருளில் ஆங்கில எழுத்தும் புடைத்திருக்கும். தக்கை மூடியோடு உள்ளே ஏதாவது மிச்சமிருந்தால் திறக்க வேண்டாம், சமையலறைத் தொட்டியில் கழுவவும் வேண்டாம். காலி புட்டியாகப் பார்த்து வாங்குங்கள், அதற்குத் தட்டுப்பாடு கிடையாது.